எழுபதாம் எண் தராசு

மூன்று நாளாக மடுவத்துத் தராசு
ஆபீசோடு பேசவில்லை என்று
ஜெயரட்ணம் கிளாக்கர் போன் எடுத்தார்.
அட்டனிலிருந்து முதல் பஸ்.
மடியில் லேப்டாப், காலடியில் கேபிள் சுருள்.
கண்ணாடிக்கு வெளியே
மலை இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளை.

கேபிள் சரி. சுவிட்ச் சரி.
பச்சை விளக்கு கண்ணடிக்கிறது.
ஆபீஸ் கம்பியூட்டர்: 192.168.1.20
தராசு: 192.168.1.70
நடுவில் எண்பது மீட்டர் கேபிளும்
ஒரு கொய்யா மரமும்.

பிறகுதான் சப்நெட் மாஸ்க்கைப் பார்த்தேன்.
ஆபீசில் 255.255.255.0
தராசில் 255.255.255.192
கொழும்பிலிருந்து வந்த யாரோ
வேறெங்கோ போட்டதை
இங்கேயும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

"ஒரு நம்பர்தானே மிஸ்?"
எப்படிச் சொல்வது.
கீழே ஃபாக்டரியில் சல்லடை ஆடும் சத்தம்.
அதுதான் சேர், என்றேன்.
ஒன்று இருக்கும் இடத்தில் எண் தங்கும்,
பூச்சியம் இருக்கும் இடத்தில் விழுந்துவிடும்.
தங்குவது தெருவின் பெயர்.
விழுவது வீட்டு எண்.
ஒன்றுகள் எல்லாம் முன்னால், பூச்சியங்கள் பின்னால்,
இடையில் புகுந்து நிற்க யாருக்கும் அனுமதி இல்லை.

இந்தச் சல்லடையில்
எழுபதைச் சலித்தால் அறுபத்து நான்கு தங்கும்.
இருபதைச் சலித்தால் ஒன்றும் தங்காது.
அதனால் தராசு நினைக்கிறது
ஆபீஸ் வேறு தெரு என்று.
ஆபீஸ் கூப்பிடுவது அதற்குக் கேட்கிறது.
பதிலை மட்டும்
யாரும் கட்டாத ஒரு வாசலுக்குக் கொண்டுபோய்
நின்றுகொண்டே இருக்கிறது.

தலையாட்டினார். விளங்கியதா தெரியாது.
"மகன் ஐசிடி செய்யிறான் மிஸ்.
ஏ கிளாஸ் பி கிளாஸ்னு ராத்திரியெல்லாம் பாடமாக்குறான்."
ஏ என்றால் ஒரே பெயரில்
ஒன்றரைக் கோடிக்கு மேல் கதவு.
பி அறுபத்தைந்தாயிரம்.
சி இருநூற்று ஐம்பத்து நான்கு, நெருக்கி அடித்து.
துரை பங்களா, ஸ்டாஃப் குவாட்டர்ஸ், லயம் என்று
நான் சொல்லவில்லை.
அவரே சொல்லி அவரே சிரித்தார்.
தொண்ணூற்று மூன்றிலேயே
வகுப்பை எடுத்துவிட்டார்கள் சேர்.
பரீட்சையில் மட்டும் இன்னும் கேட்பார்கள்.

தெருவின் முதல் எண்ணில் யாரும் குடியிருக்க முடியாது,
அது தெருவுக்கே வைத்த பெயர்.
கடைசி எண்ணிலும் முடியாது.
அது விடியற்காலைப் பெரட்டுத் தப்பு,
ஒரு தடவை அடித்தால்
எல்லாக் கதவுக்கும் கேட்கவேண்டும்.

என் வேலைக் கடிதம்
இதே மாதிரி ஓர் ஆபீஸ் மேசையில்
பதினோரு நாள் கிடந்தது.
தோட்டத்தின் பெயர், பிரிவு, தபாலகம்.
முகவரி முழுக்க ஒன்றுகள்.
எங்கள் காம்பராவுக்கென்று
ஒரு பிட்கூட மிச்சம் வைக்கவில்லை.
இதை நான் கிளாக்கரிடம் சொல்லவில்லை.

மடுவத்துக்கு இறங்கினேன்.
192ஐ அழித்து 0 போட்டேன்.
பிங்.
நான்கு வரி பதில்,
ஒவ்வொன்றும் ஒரு மில்லிசெக்கனுக்குள்.

தவமணி முதல் ஆளாக வந்தார்,
இடுப்பில் கட்டிய படங்கிலிருந்து தண்ணீர் சொட்ட.
"மெசினு பேசுதா?"
பேசுது.
கொழுந்தை ஏற்றினார்.
மேலே ஜன்னலைத் திறந்து கிளாக்கர் கத்தினார்:
"வந்துட்டு மிஸ்! பதினெட்டுப் புள்ளி ஆறு!"

மூன்று நாளாக எழுதிய கொப்பி
மேசையில் திறந்து கிடந்தது.
பென்சில் எழுத்து.
ஒவ்வொரு பெயருக்கு நேரேயும்
ஈரத்துக்கென்று இரண்டு கிலோ வெட்டு.
தவமணி என் திரையைப் பார்க்கவில்லை.
ஈர விரலை அந்தப் பக்கத்தில் வைத்தார்.
"அப்ப இந்த மூணு நாளு?"

கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.
ஒன்றரைக்கு பஸ்.